திரை விலகும் முன்பே முடிந்த வேலை

காஞ்சிபுரத்தைக் களமாகக் கொண்ட திருட்டுக் கதை ஒன்றை ஒரு ராஜாவே எழுதியிருக்கிறார். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியிலிருந்து ஆண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 'மத்தவிலாசப் பிரகசனம்' ஓரங்க நகைச்சுவை நாடகம். சத்தியசோமன் என்ற காபாலிகனும் அவன் துணைவி தேவசோமாவும் நல்ல போதையில் கள்ளுக்கடைக்கு வருகிறார்கள். கள் பிச்சையாகக் கிடைக்கிறது. வாங்குவதற்குக் கையை நீட்டினால் கபாலம் இல்லை. காபாலிகனுக்கு அந்த மண்டையோடுதான் திருவோடு, விரதம், அடையாளம் எல்லாம்.

அதில் சுட்ட இறைச்சி இருந்தது, ஆகவே நாய் எடுத்திருக்கும், இல்லாவிட்டால் ஒரு பௌத்த பிக்கு எடுத்திருப்பான் என்று சத்தியசோமனே ஊகிக்கிறான். சரியான விடை அப்போதே மேடையில் சொல்லப்பட்டுவிட்டது. ஆனால் சற்று நேரத்தில் நாகசேனன் என்ற பிக்கு எதையோ ஆடைக்குள் மறைத்தபடி வருகிறான். அவ்வளவுதான், நாய் எல்லார் மனத்திலிருந்தும் ஓடிப்போகிறது. வாக்குவாதம், கைகலப்பு, பஞ்சாயத்துக்கு ஒரு பாசுபதன். பிக்கு தன் பாத்திரத்தை எடுத்துக் காட்டுகிறான். அதையும் காபாலிகன் நம்பவில்லை, உருமாற்றிவிட்டான் என்கிறான். திருட்டு சாத்திரம் எழுதிய கரபடன் என்பவருக்கு வணக்கம் சொல்லி, இந்தக் கலையில் அவரையும் புத்தர் மிஞ்சிவிட்டார் என்று கிண்டல் வேறு. கடைசியில் ஒரு பைத்தியக்காரன் கபாலத்தோடு வருகிறான். அவன் அதை ஒரு நாயிடமிருந்து பிடுங்கியிருக்கிறான்.

கவனிக்க வேண்டியது, அந்தத் திருட்டு மேடையில் நடப்பதே இல்லை என்பது. நாடகம் சூடு பிடிக்கும்போது எல்லாம் முடிந்து வெகுநேரம் ஆகிவிட்டது. பார்வையாளர்கள் பார்ப்பது திருட்டின் எதிரொலியை மட்டும். மேடை மந்திரவாதிகள் கொள்ளையடிக்கும் சினிமாக்களை ரசிப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்வது நல்லது. அந்தப் படங்களின் சூத்திரமும், அவற்றின் பின்னால் இருக்கும் மூளை அறிவியலும் இந்த ஒரு புள்ளியில்தான் சந்திக்கின்றன.

2013ல் லூயி லெட்டெரியே இயக்கிய 'நவ் யூ சீ மீ' வந்தது. நான்கு மந்திரவாதிகள் லாஸ் வேகஸ் மேடையில் நின்றபடியே பாரிஸில் உள்ள ஒரு வங்கியின் பெட்டகத்தைக் காலி செய்கிறார்கள்; 32 லட்சம் யூரோ அரங்கத்தில் மழையாகப் பொழிகிறது. உலகம் முழுக்க 35 கோடி டாலருக்கும் மேல் வசூல். அதே ஆண்டின் டிசம்பரில் இந்தியில் 'தூம் 3'. சிகாகோவில் சர்க்கஸ் வித்தைக்காரனாக ஆமிர் கான், பகலில் வங்கிக் கொள்ளை, இரவில் மேடை. தமிழில் 2017 தீபாவளிக்கு 'மெர்சல்'. விஜய்யின் மூன்று வேடங்களில் ஒன்று மேடை மந்திரவாதி. அவர் பணம் திருடுவதில்லை, பழிவாங்குகிறார். ஆனால் மேடையையே மறைப்பாக வைத்துக் குற்றம் செய்யும் அமைப்பு அதேதான்.

இந்த வகைப் படங்களில் ரகசியம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. முதலாவது, ஒருவர் அல்ல, இருவர். கிறிஸ்டோபர் நோலனின் 'தி பிரெஸ்டீஜ்' (2006), 'தூம் 3' இரண்டுமே இந்த வழியில் போனவை. (இன்னும் பார்க்காதவர்கள் மன்னிக்க.) 1940ல் பி. யு. சின்னப்பா 'உத்தம புத்திரன்' படத்தில் இரட்டை வேடம் கட்டிய நாள் முதல் பழகிய தமிழ் ரசிகருக்கு இது அதிர்ச்சி தர வேண்டிய விஷயமே இல்லை. இருந்தும் நோலன் படத்தில் ஏமாந்தார்கள். இரட்டை வேடம் என்று போஸ்டரிலேயே போட்டால்தான் நமக்கு அது தோன்றும் போலிருக்கிறது.

இரண்டாவது ரகசியம் இன்னும் சுவாரசியமானது: வேலை முன்கூட்டியே முடிந்துவிட்டது. 'நவ் யூ சீ மீ' கதையில் பாரிஸ் பணம் காட்சி நடக்கும் இரவில் திருடப்படவில்லை. வங்கிக்குப் போகும் வழியில், வண்டியிலேயே நிஜ நோட்டுகள் எடுக்கப்பட்டுப் போலி நோட்டுகள் வைக்கப்பட்டுவிட்டன. போலிகள் 'ஃபிளாஷ் பேப்பர்' என்று வித்தைக்காரர்கள் அழைக்கும் தாளால் ஆனவை; பொறி பட்டதும் சாம்பல்கூட மிஞ்சாமல் எரிந்துவிடும். இது கற்பனைப் பொருள் அல்ல. சாதாரண தாளின் செல்லுலோஸை நைட்ரிக், சல்ஃபூரிக் அமிலங்களில் ஊறவைத்தால் நைட்ரோ செல்லுலோஸ் கிடைக்கும். எரியத் தேவையான ஆக்சிஜனில் பெரும்பகுதி அதன் மூலக்கூறிலேயே கட்டப்பட்டிருப்பதால் நொடியில் வாயுவாகிவிடுகிறது. 1846ல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோன்பைன் இதை உலகுக்குக் காட்டினார். பிறகு இதே குடும்பப் பொருள்தான் சினிமாவின் முதல் ஃபிலிம் சுருளாகவும் ஆனது; பழைய தியேட்டர்கள் அடிக்கடி தீப்பிடித்ததற்கு அதுதான் காரணம்.

கணக்குப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம். 32 லட்சம் யூரோவை நூறு யூரோ நோட்டுகளாக வைத்தால் 32,000 நோட்டுகள். ஒரு நோட்டு சுமார் 1 கிராம் என்றால் மொத்தம் 32 கிலோ. ஓர் ஆள் தூக்கக்கூடிய மூட்டைதான். அந்த அளவில் கதை உருப்படியாகவே இருக்கிறது.

அந்தப் படத்தின் உண்மையான சாதனை கொள்ளையில் இல்லை, தொடக்கக் காட்சியில் இருக்கிறது. ஒருவன் சீட்டுக்கட்டைச் சரசரவென்று விரித்துக் காட்டி, மனத்தில் ஒரு சீட்டை நினைத்துக்கொள் என்று ஒரு பெண்ணிடம் சொல்கிறான். பெண் நினைத்த டைமண்ட் ஏழு சிகாகோவின் உயரமான கட்டடத்தின் விளக்குகளில் ஒளிர்கிறது. தியேட்டரில் இருந்த பலரும் அதே சீட்டைத்தான் நினைத்திருந்தார்கள். கட்டு விரியும்போது அந்தச் சீட்டு மற்றவற்றைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் கண்ணில் நிற்கிறது, அவ்வளவே.

இதை ஆய்வுக்கூடத்தில் சோதித்தவர்கள் ஜே ஓல்சன், அலிம் அம்லானி, ரொனால்ட் ரென்சிங்க். 2015ல் வெளியான அவர்களுடைய ஆய்வில் வித்தைக்காரர் விரும்பிய சீட்டையே நினைத்தவர்கள் 98 சதவீதம். தங்கள் தேர்வில் அவருடைய கை இருந்ததாக உணர்ந்தவர்கள் 9 சதவீதம்தான். மீதிப் பேர் தம் விருப்பத்தின்படியே தேர்ந்தெடுத்ததாக நம்பினார்கள். காஞ்சிபுரம் காந்தி சாலையில் கல்யாணப் பட்டு எடுக்கப் போனவர்களுக்கு இந்த எண்கள் வியப்பளிக்காது. விற்பனையாளர் ஐம்பது சேலைகளை மளமளவென்று விரித்துப்போடுவார். ஒன்றை மட்டும் முந்தானையோடு எடுத்து மணப்பெண்ணின் தோளில் போட்டு, கண்ணாடி பக்கம் திருப்பி, ஒரு மூச்சு நேரம் நிறுத்துவார். வீட்டுக்கு வந்து, "எனக்கு முதலிலேயே அதுதான் பிடித்திருந்தது" என்பாள் பெண்.

வித்தையை அறிவியலாக ஆராய்வது புதிதில்லை. புத்திசாலித்தனத்தை அளக்கும் தேர்வை உருவாக்கிய பிரெஞ்சு உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே 1894லேயே மேடைக் கலைஞர்களை வரவழைத்து, தொடர் புகைப்படம் எடுத்துப் பார்த்தார். கையின் வேகம் கண்ணை ஏமாற்றுகிறது என்பதுதான் அன்றும் இன்றும் பொதுவான நம்பிக்கை. அது தவறு என்று காட்டியதே இந்தத் துறையின் முதல் வெற்றி. கை மெதுவாகத்தான் போகிறது. கண்ணும் பார்க்கத்தான் செய்கிறது. ஏமாறுவது வேறு இடத்தில்.

அந்த இடத்தை அழகாகக் காட்டுவது மாயப் பந்து. வித்தைக்காரர் பந்தை இரண்டு முறை மேலே எறிந்து பிடிக்கிறார். மூன்றாவது முறை எறிவதுபோல் பாவனை மட்டும். பந்து கைக்குள்ளேயே இருக்கிறது. பார்ப்பவர்களில் பலர் பந்து மேலே போய் மறைந்ததைக் கண்ணால் கண்டதாகச் சொல்வார்கள். நார்மன் டிரிப்லெட் என்ற அமெரிக்கர் பள்ளிப் பிள்ளைகளிடம் இதைச் செய்து பார்த்து 1900ல் எழுதினார். 2006ல் குஸ்தாவ் குன், மைக்கேல் லேண்ட் இருவரும் பார்வையைப் பின்தொடரும் கருவியோடு அதையே திரும்பச் செய்தார்கள். வித்தைக்காரர் கண்ணையும் மேலே ஓட்டினால் 68 சதவீதம் பேர் பந்து மேலே போனதைப் 'பார்த்தார்கள்'. அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தால் அந்த எண்ணிக்கை 32 சதவீதமாகக் குறைந்தது. விசித்திரம் என்னவென்றால், பந்து மறைந்ததாகச் சொன்னவர்களின் கண்கள் அந்த இடத்துக்குப் போகவே இல்லை. பெரும்பாலும் வித்தைக்காரரின் முகத்தில் தங்கியிருந்தன. கண் ஏமாறவில்லை, அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே வரைந்து வைத்திருந்த மூளைதான் ஏமாந்தது.

மூளை அப்படி வரைவதற்கு நல்ல காரணம் உண்டு. விழித்திரையில் விழுந்த ஒளி உணர்வாக மாறுவதற்கு ஏறத்தாழ பத்தில் ஒரு நொடி பிடிக்கும். மணிக்கு 140 கிலோமீட்டரில் வரும் கிரிக்கெட் பந்து அந்த நேரத்தில் நான்கு மீட்டர் கடந்துவிடும். இருக்கும் இடத்தை மட்டும் பார்த்து ஆடினால் மட்டையில் பந்து படவே படாது. ஆகவே மூளை சற்று எதிர்காலத்தில் வாழப் பழகியிருக்கிறது. வித்தைக்காரன் நுழைவது இந்த இடைவெளியில்.

பிக்பாக்கெட் வித்தையை மேடைக்கலையாக்கிய அமெரிக்கர் அப்பல்லோ ராபின்ஸ், 2001ல் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரின் பாதுகாவலர்களுடைய பைகளையே காலி செய்து புகழ்பெற்றவர். கையை நேர்கோட்டில் அசைத்தால் பார்ப்பவரின் கண் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே தாவும். வளைவாக அசைத்தால் கண் கையோடு கூடவே போகும், பழைய இடத்தை மறந்துவிடும் என்று அவர் அனுபவத்தில் கண்டிருந்தார். ஸ்டீபன் மாக்னிக், சுசானா மார்ட்டினஸ்-கோண்டே ஆகியோரின் குழு அதை அளந்து 2011ல் உறுதி செய்தது. நரம்பியல் ஆய்வாளர்கள் ஒரு ஜேப்படி வித்தைக்காரரிடம் பாடம் கேட்ட அரிய தருணம் அது.

ஆனால் கண்ணும் கையும் பேசப்படும் அளவுக்கு இந்த ஆய்வுகளில் காலம் பேசப்படவில்லை என்பது ஒரு குறை. தெருவில் செப்பிடு வித்தை காட்டுபவருக்குக் காலத்தின் அருமை தெரியும். மாங்கொட்டையை மண்ணில் புதைத்து, துணி போர்த்தி, செடியாக்கிக் காட்டும் பழைய வித்தையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே வேறு வித்தைகள் நடக்கும். மகுடி, பந்து, ஒரு வசவு, ஒரு சிரிப்பு. சிரித்து முடித்து எல்லாரும் மூச்சு விடும் அந்த நேரத்தில்தான் துணிக்கு அடியில் மாற்றம் நடக்கும். எல்லாரும் உற்றுப் பார்க்கும்போது எதுவும் நடக்காது.

1830 வாக்கில் சென்னையில் சேஷால் என்ற பிராமணர் காற்றில் உட்கார்ந்து காட்டினார். தரையிலிருந்து பல அடி உயரத்தில் சம்மணமிட்ட உடம்பு. ஒரு கை மட்டும் மான்தோல் சுற்றிய ஒரு தடியின் மேல். லண்டனின் 'சாட்டர்டே மேகசின்' 1832ல் படத்தோடு செய்தி போட்டது. தோலுக்குள்ளும் உடைக்குள்ளும் இருந்த இரும்புச் சட்டம்தான் அவரைத் தாங்கியது என்பது பிறகு எழுதப்பட்ட விளக்கம். அதைவிட முக்கியமான கருவி ஒரு கம்பளி. அவர் ஏறி உட்காரும்வரை உதவியாளர்கள் கம்பளியைப் பிடித்து மறைப்பார்கள், இறங்கும்போதும் மறைப்பார்கள். கூட்டம் பார்த்தது நடுவில் உள்ள சில நிமிடங்களை மட்டும். முன்னும் பின்னும் வெட்டப்பட்ட காட்சி.

வெட்டு என்றதும் சினிமா நினைவுக்கு வர வேண்டும். 1888ல் பாரிஸின் ராபர்ட்-ஹூதான் மேஜிக் அரங்கத்தை விலைக்கு வாங்கிய ஜார்ஜ் மெலியே, 1896ல் ஒரு பெண்ணை மறையவைக்கும் வித்தையைப் படமாக்கினார். மேடையில் இதற்குத் தரையில் ரகசியக் கதவு வேண்டும். கேமராவுக்கு வேண்டாம், நிறுத்தி, பெண்ணை அனுப்பிவிட்டு, மறுபடி ஓடவிட்டால் போதும். அன்றைக்கே மேடை மந்திரவாதியின் பிழைப்பை சினிமா எடுத்துக்கொண்டுவிட்டது. வித்தைக்காரர் கொள்ளைப் படங்களின் அடிப்படை பலவீனமும் இதுதான். 2016ல் வந்த 'நவ் யூ சீ மீ' இரண்டாம் பாகத்தில், காவலர்கள் தடவித் தடவிச் சோதிக்கும்போது நால்வரும் ஒரு சீட்டை விரலிடுக்கிலும் சட்டைக்குள்ளும் மாற்றி மாற்றி எறிந்து மறைப்பார்கள். பார்க்க ஜோர்தான். ஆனால் கேமராவும் கணினியும் சேர்ந்து என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று தெரிந்த பிறகு, ஒரு சீட்டு மறைந்தால் யாருக்கு என்ன வியப்பு?

அதே சோதனைக் காட்சி காஞ்சிபுரத்தில் வேறு மாதிரி நடந்திருக்கிறது, பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' படத்தில். 2007ஆம் ஆண்டுக்கான சிறந்த படம், சிறந்த நடிகர் என இரு தேசிய விருதுகளைப் பெற்ற படம் அது. சுதந்திரத்துக்கு முந்தைய காலம். பிரகாஷ் ராஜ் நடித்த வேங்கடம் பட்டு நெசவாளி. மகளைப் பட்டுச் சேலை கட்டித்தான் கல்யாணம் செய்து தருவேன் என்று ஊரறியச் சொல்லிவிடுகிறான். வாழ்நாள் முழுக்கப் பட்டு நெய்யும் கைக்கு ஒரு பட்டு வாங்க வழியில்லை. வேலை முடிந்து போகும்போது சோதிப்பார்கள். அதனால் நூலை வாய்க்குள் அடக்கிக்கொண்டு வருகிறான், தினம் கொஞ்சமாக. இரவில் மாட்டுக் கொட்டகையில் மறைவாகத் தறி கட்டி நெய்கிறான்.

இதை யாரும் 'ஹைஸ்ட் படம்' என்று சொல்வதில்லை. லேசர் கதிர் இல்லை, பின்னணி இசையின் துடிப்பு இல்லை. ஆனால் திட்டத்தின் அழகில் லாஸ் வேகஸ்காரர்கள் கிட்டே வர முடியாது. சாத்தியமா என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். கச்சாப் பட்டு நூலின் பருமனை டெனியரில் சொல்வார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். இந்தியாவில் வழக்கமான 20/22 ரக நூல் என்றால் 9,000 மீட்டருக்கு ஏறக்குறைய 21 கிராம். அப்படியானால் 5 கிராமில் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் ஒற்றை நூல் இருக்கும். முறுக்கிப் பல புரியாக்கினால் நீளம் அதற்கேற்பக் குறையும். பட்டின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.3 கிராம் என்பதால் 5 கிராம் இறுக்கமான நிலையில் ஒரு பெரிய கோலிக்குண்டு அளவுதான். சுருட்டியதில் காற்றிடைவெளி சேர்ந்து இரண்டு மூன்று மடங்கானாலும் கன்னத்துக்குள் அடங்கும், வாய் பேசாமல் இருந்தால். ஜரிகையை விட்டுவிட்டு ஒரு சேலைக்கு அரைக் கிலோ பட்டு என்று வைத்துக்கொண்டால் நூறு நாள் வேலை. நடுவில் பேச நேராமல் நூறு மாலைகள்!

சோதிக்கிறவன் எங்கே பார்ப்பான்? இடுப்பில், மடியில், வேட்டி மடிப்பில், கையில். திருட்டு இருக்கக்கூடிய இடம் என்று அவன் மனத்தில் ஒரு வரைபடம் இருக்கிறது. வாய் அதில் இல்லை. வேங்கடத்தின் மீது நம்பிக்கை வேறு. உரிமைக்காக நெசவாளிகளைத் திரட்டும் பொதுவுடைமைக்காரனை யார் நூல் திருடனாக நினைப்பார்கள்? கதையின் மிகக் கொடுமையான திருப்பமும் காலத்தைப் பற்றியதுதான். வேலைநிறுத்தம் நீண்டால் நூல் கிடைக்காது, கல்யாண நாளோ நெருங்குகிறது. தான் தொடங்கிய போராட்டத்தைத் தானே முடித்துவைத்து எல்லாரையும் தறிக்கு அனுப்புகிறான். பிடிபடுவது, வாயிலிருந்து நூல் வெளிவரும்போது. மெலோடிராமா கொஞ்சம் தூக்கல்தான் என்றாலும், மேடை வித்தையின் இலக்கணத்தை இவ்வளவு சுத்தமாகப் பின்பற்றிய திருட்டு தமிழ்த் திரையில் அபூர்வம்.

அந்தப் பட்டே ஒரு கண்கட்டு என்பது தனிக்கதை. மயில் கழுத்து நிறச் சேலையை வெளிச்சத்தில் திருப்பினால் நீலம் பச்சையாகிறது, பச்சை நீலமாகிறது. அந்தச் சேலையில் மயில் நிறம் என்று ஒரு சாயம் கிடையாது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். பட்டு இழை நீண்ட, வழவழப்பான கண்ணாடிக் கம்பிபோல ஒளியைத் திருப்புகிறது. பாவு இழைகள் பளிச்சிடும் கோணத்தில் ஊடை மங்கியிருக்கும், கோணம் மாறினால் ஊடை மேலெழும். இழைகள் தனித்தனியே தெரியாத அளவுக்கு நுண்மையானவை என்பதால் மூளை இரண்டையும் ஒரே பரப்பின் நிறமாகக் கலந்துகொள்கிறது. நிஜ மயிலின் கழுத்தில் நடப்பது வேறு. அங்கே நீலச் சாயமே இல்லை. இறகின் நுண்கிளைகளில் மெலனின் குச்சிகள் வலைபோல அடுக்கப்பட்டிருக்கும் இடைவெளிதான் எந்த நிற ஒளி திரும்ப வேண்டும் என்று தீர்மானிக்கிறது. பறவை இயற்பியலால் செய்ததை நெசவாளி வடிவியலால் செய்திருக்கிறார்.

வாங்குபவர் கடையின் விளக்குக்கடியில் அதைப் பார்த்து வியக்கும்போது மாயம் ஏற்றப்பட்டு மாதங்கள் ஆகியிருக்கும், பாவு ஓட்டிய அன்றே. உடலும் கரையும் தனித்தனி நிறத்தில் கோர்வை போட்டு இணைக்கும்போது இன்னொரு விளைவும் வருகிறது. பாரிஸின் கோபலின் நெசவாலையில் சாயப் பிரிவின் தலைவராயிருந்த செவ்ரோல் என்ற வேதியியலாளரிடம் கறுப்புச் சாயம் வெளிறியிருப்பதாகப் புகார் வந்தது. சோதித்தால் சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் வைத்த நிறம்தான் அதை வெளிறச் செய்திருந்தது. 1839ல் அவர் அதைப் புத்தகமாகவே எழுதினார். அரக்குக் கரையின் பக்கத்தில் பச்சை உடல் இன்னும் பச்சையாகத் தெரிவதற்கும் இதுதான் விளக்கம்.

இதுவரை சொன்னவை எல்லாம் கதைகள், அல்லது யாருக்கும் நஷ்டமில்லாத ஏமாற்று. இனி, நிஜமாகவே நடந்த ஒன்று. கும்பகோணத்துக்கு அருகே சிவபுரத்தில் 1951ல் மண்ணிலிருந்து ஆறு செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று பத்தாம் நூற்றாண்டு நடராஜர். சில ஆண்டுகளில் அவற்றைப் பழுதுபார்க்க ஒரு சிற்பியிடம் கொடுத்தார்கள். திரும்பி வந்தது நகல். அசல், கைமாறி மும்பையில் ஒரு சேகரிப்பாளரிடம் போய், அங்கிருந்து நியூயார்க் போய், கடைசியில் கலிபோர்னியாவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளையிடம் சேர்ந்தது. விலை 9 லட்சம் டாலர். கோயிலில் பூஜை தடையின்றி நடந்துகொண்டிருந்தது.

எப்படி யாருக்கும் தெரியாமல் போயிற்று என்று கேட்பவர்களுக்கு டேனியல் சைமன்ஸ், டேனியல் லெவின் 1998ல் வெளியிட்ட சோதனையைக் காட்டலாம். ஓர் ஆய்வாளர் தெருவில் போகிறவரிடம் வழி கேட்கிறார். நடுவே இருவர் ஒரு கதவைத் தூக்கிக்கொண்டு குறுக்கே போகிறார்கள். அந்த மறைவில் வழி கேட்டவர் மாறிவிடுகிறார். வேறு உயரம், வேறு உடை, வேறு குரல். வழி சொல்லிக்கொண்டிருந்த 15 பேரில் 8 பேர் ஆள் மாறியதைக் கவனிக்கவே இல்லை. ஒரு நொடி மறைவுக்கே இந்தக் கதி. சிலை பல மாதம் பட்டறையில் மறைந்திருந்தது. பிறகு வந்ததும் எண்ணெய்க்காப்பு, வஸ்திரம், மாலை, எண்ணெய் விளக்கின் மங்கல் வெளிச்சம். எல்லாவற்றுக்கும் மேலாக, பழுதுபார்த்து வந்த சிலை கொஞ்சம் வேறுமாதிரித்தான் இருக்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்திருப்பார்கள். வித்தியாசம் தெரிந்தாலும் அதற்கான சமாதானம் முன்பே தயாராக இருக்கிறது. மேடை மந்திரவாதிகள் பல ஆண்டு பயிற்சியில் கட்டும் கதை இங்கே தானாகவே அமைந்துவிட்டது.

கண்டுபிடித்தவர் வேறு நாட்டுக்காரர், வேறு விதமாகப் பார்க்கப் பழகியவர். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் டக்ளஸ் பாரெட் 1965ல் வெளிவந்த முற்காலச் சோழச் செப்புத் திருமேனிகள் பற்றிய நூலில், சிவபுரத்தில் இருப்பது நகல் என்று அச்சில் சொன்னார். 1974ல் இந்திய அரசு வழக்குத் தொடுத்தது, 1976ல் சமரசம், பத்தாண்டு காட்சிக்கு வைத்துக்கொண்டு பிறகு திருப்பித் தருவது என்று. நடராஜர் 1986ல் திரும்பினார்.

இந்த மாதிரி வித்தைக்கு எதிர்வித்தை சோழர் காலத் தொழில்நுட்பத்திலேயே இருக்கிறது. மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சுட்டு, மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, மண் அச்சை உடைத்து எடுக்கிறார்கள். சுவாமிமலையில் இன்றும் இப்படித்தான். ஓர் அச்சில் ஒரு சிலைதான். எவ்வளவு கெட்டிக்கார நகலிலும் விரல் வளைவு, பிரபையின் சுடர், வார்ப்பில் விழுந்த சிறு குழி இவை அசலோடு ஒத்துப்போகாது. ஒத்துப்பார்க்கத் தேவை, மாற்றத்துக்கு முந்தைய ஒரு படம். ரென்சிங்க் 1997ல் காட்டியதும் இதுதான்: இரண்டு படங்களுக்கு நடுவே ஒரு கணம் வெற்றுத்திரை வந்தால், பெரிய மாற்றத்தைக்கூடக் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகிறது; வெற்றுத்திரையை எடுத்துவிட்டால் மாற்றம் உடனே கண்ணில் குத்துகிறது. படத்தைப் பக்கத்தில் வைப்பது அந்த வெற்றுத்திரையை எடுப்பதற்குச் சமம்.

அப்படிப்பட்ட படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருக்கின்றன. 1956 முதல் கோயில் கோயிலாகப் போய் எடுத்தவை. கலை வரலாற்றுக்காக எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்று காவல்துறைக்குச் சாட்சி. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் வழிபாடு நின்று பூட்டிக் கிடந்தது. அங்கிருந்த நடராஜர் உள்ளிட்ட சிலைகள் 2006ல் களவு போயின. பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற அதிகாரிகள் 2008ல் வந்து கதவைத் திறந்தபோதுதான் காணோம் என்று தெரிந்தது. அதே 2008ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அந்த நடராஜருக்கு 50 லட்சம் டாலர் கொடுத்திருந்தது. புதுச்சேரிப் படம் கான்பராவில் இருந்த சிலையோடு ஒத்துப்போனது; 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லியில் அதை நேரில் ஒப்படைத்தார்.